சுவர் குடித்த நீர்

1881இல் கோலாலம்பூர் ஒரே ஆண்டில் இருமுறை அழிந்தது. ஆண்டின் தொடக்கத்தில் தீ, முடிவில் வெள்ளம். மரமும் மண்ணும் அத்தாப்புக் கூரையுமாக நெருக்கியடித்து நின்ற ஊர் அது. தீ வந்ததும் எரிந்தது. தண்ணீர் வந்ததும் கரைந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனி இந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தார். ஊருக்குத் தெற்கே கிள்ளான் ஆற்றை ஒட்டிய நிலத்தில் செங்கல் சூளைகள் எழுந்தன. அந்தச் சூளைகள் புகைந்த இடம்தான் இன்று நாம் பூ வாங்கவும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் போய் நிற்கும் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வே வந்தது, ரயில்வே ஊழியர்களின் குவார்ட்டர்ஸ் வரிசைகள் வந்தன, யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் குடியேறினார்கள். சூளைகள் மறைந்துவிட்டன.

தீயிலிருந்து செங்கல் இந்த ஊரைக் காத்தது உண்மை. அது தீயில் வெந்து பிறந்தது, ஆகவே தீக்கு அஞ்சுவதில்லை. தண்ணீர்க் கதை வேறு. செங்கல் தண்ணீரில் கரையாது, ஆனால் குடிக்கும். வெந்த களிமண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைய. சாதாரணச் செங்கல் ஒன்று தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். மூன்று கிலோ கல்லுக்கு முந்நூறு கிராம் என்று வையுங்கள். தெரஸ் வீட்டின் வரவேற்பறைச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பதினைந்து அடி நீளம், வெள்ளம் ஏறியது ஐந்தடி. அந்த ஒரு சுவருக்குள் மட்டும் நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். மேலே சிமெண்டுப் பூச்சு, அதன்மேல் பெயிண்ட். வெளியிலிருந்து பார்த்தால் சுவர் சுவராகத்தான் இருக்கும்.

2021 டிசம்பர் 18, சனிக்கிழமை. மார்கழி பிறந்து மூன்றாம் நாள். கீழைக்கரையில் தரை தொட்ட காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தீபகற்பத்தைக் கடந்துகொண்டிருக்க, முந்தைய நாள் தொடங்கிய மழை விடவே இல்லை. அன்று கோலாலம்பூரில் ஒரே நாளில் 363 மில்லிமீட்டர் பெய்தது என்று சுற்றுச்சூழல், நீர்வள அமைச்சின் தலைமைச் செயலாளர் சொன்னார். ஆண்டு முழுவதும் பெய்வதே ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர்தான். ஒரு மாதத்து மழையையும் மிஞ்சி ஒரு நாளில் கொட்டிவிட்டது. 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம், 9.7 கிலோமீட்டர் நீளமுள்ளது, நகர மையத்தை வெள்ளத்திலிருந்து காப்பதற்காகக் கட்டப்பட்டது. கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு அப்படி ஒரு சுரங்கம் இல்லை. ஷா ஆலமில் தாமான் ஸ்ரீ மூடாவுக்குள் தண்ணீர் புகுந்தது, நாள் கணக்கில் நின்றது. கடல் பெருகும் நேரத்தில் கிள்ளான் ஆறு தன் தண்ணீரை இறக்க முடியாமல் திணறும் இடம் அது. ஒற்றை மாடி வீட்டுக்காரர்கள் கூரை மீது ஏறி உட்கார்ந்திருந்தார்கள். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அந்த நாட்களின் துணிச்சலைப் பற்றியும் மீட்பின் தாமதத்தைப் பற்றியும் எல்லாரும் எழுதிவிட்டார்கள். சொந்தப் படகைக் கொண்டுவந்த மீன்பிடிகாரர்கள், இரவு பகலாகச் சமைத்த பெட்டாலிங் ஜெயா குருத்வாரா, ‘கித்தா ஜாகா கித்தா’ (நம்மை நாமே காப்போம்) என்று சொல்லிக்கொண்டு இனம் பார்க்காமல் சேற்றில் இறங்கிய இளைஞர்கள். அதெல்லாம் இந்த நாட்டின் பெருமை. நான் எழுத வந்தது அதற்குப் பிந்திய காலத்தைப் பற்றி, தண்ணீர் வடிந்து கேமராக்கள் போன பின்பு வீடுகளுக்குள் நடந்ததைப் பற்றி.

வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும், முதலில் வருவது வாடை. ஆற்றுச் சேறு, சாக்கடை, கார் எண்ணெய், குளிர்சாதனப் பெட்டிக்குள் அழுகிய இறைச்சி எல்லாம் கலந்த வாடை. அடுத்தது வழுக்கல். கணுக்கால் வரை களிம்பு போன்ற சேறு. குளிர்சாதனப் பெட்டி மிதந்து போய் வேறோர் அறையில் கவிழ்ந்து கிடக்கும். சோபா தண்ணீர் குடித்து மூன்று ஆள் தூக்க முடியாத கனத்தில் இருக்கும். சமையலறை கேபினெட் அழுத்தப் பலகையால் ஆனது. அது ஊதிப் பெருத்துப் புட்டு போல உதிரும். சுவரில் நேர்க்கோடு போட்டது போலத் தண்ணீர் நின்ற அடையாளம். “உங்க வீட்டுல எவ்ளோ ஏறுச்சு?” என்பதுதான் அந்த வாரம் முழுவதும் தெருவில் கேட்ட கேள்வி. இடுப்பு வரை, கழுத்து வரை, மாடிப்படி எட்டு. ஆளுயரத்தையும் மாடிப்படியையும் வைத்தே ஒவ்வொருவரும் அளந்தார்கள்.

சேற்றை அது ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும், காய்ந்துவிட்டால் கல்லாகிவிடும். இதை அனுபவப்பட்டவர்கள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டே போனார்கள். மெயின் சுவிட்சைத் தொடாதே, வயர்மேன் வந்து பார்க்கட்டும். பூட்ஸ் போடாமல் இறங்காதே, எலி மூத்திரம் கலந்த தண்ணீர், காலில் சின்னக் கீறல் இருந்தாலும் எலிக்காய்ச்சல் வரும். குளோராக்ஸை வேறெந்தத் துப்புரவுத் திரவத்தோடும் கலக்காதே, மூச்சை அடைத்துவிடும். ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்காதே, அதன் புகை ஆளைக் கொல்லும். இவ்வளவும் உயிர் காக்கும் அறிவு. வாட்டர் ஜெட்டை வாடகைக்கு எடுத்து மேலிருந்து கீழாக அடித்து, துடைப்பத்தால் அஞ்சடிக்குத் தள்ளி, அங்கிருந்து வாசல் சாக்கடையான லொங்காங்குக்குத் தள்ளி, மறுபடியும் அடித்து, மறுபடியும் தள்ளி, மூன்றாம் நாள் தரையின் மொசைக் நிறம் தெரிந்தபோது மக்கள் கைதட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கழுவுவது எளிய பகுதி. கடினமானது பிரிப்பது. எதை வைத்துக்கொள்வது, எதை வாசலில் கொண்டுபோய்ப் போடுவது.

ஸ்ரீ மூடாவின் தெருக்களில் இருபுறமும் வீட்டுக் கூரை உயரத்துக்குக் குவிந்தது குப்பை என்றார்கள் செய்தியில். அதைக் குப்பை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெத்தை, அரிசி வாளி, பள்ளிப் பை, தையல் இயந்திரத்தின் மேசை, பிளாஸ்டிக் உறை பிரிக்காத மணப்பெண் சேலைப் பெட்டி. முந்தைய நாள் வரை வீடு என்று எதைச் சொன்னோமோ அது முழுவதும் வெளியே வந்து கிடந்தது. ஆண்கள் தூக்கிக்கொண்டுபோய்ப் போடுவார்கள். பெண்கள் போய் அதில் ஒன்றைத் திரும்ப எடுத்து வருவார்கள். ஒரு வீட்டில் அக்கா ஒருவர் சாமி மேடையில் இருந்த படங்களைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். கண்ணாடிக்குள் சேறு புகுந்து முருகனின் முகம் தெரியவில்லை. “இத எங்க போடறது தம்பி? லோரியில போட முடியுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கடைசியில் எல்லாப் படங்களையும் ஒரு துணியில் கட்டி, கோயிலில் கொடுத்துவிடலாம் என்று காரில் வைத்தோம்.

பிறகு தாள்கள். நம் குடும்பங்களில் தாள்களுக்கு இருக்கும் இடத்தை வெளியாள் ஒருவருக்கு விளக்குவது கடினம். தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டு, பின்னால் ஒரு பிறப்புப் பத்திரத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. சிவப்பு ஐசி வைத்துக்கொண்டு, இதே மண்ணில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமைக்குக் காத்திருந்து முதுமை அடைந்தவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் பிஸ்கட் டின்னுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார்கள். அடித்தட்டில் வைத்ததுதான் முதலில் நனைந்தது. வெள்ளத்தில் இழந்த அடையாள அட்டைக்குத் தேசியப் பதிவுத் துறை கட்டணமில்லாமல் மறு அட்டை கொடுத்தது நல்ல செயல். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோதும் இந்திய அரசு நனைந்த கடவுச்சீட்டுகளை இலவசமாக மாற்றித் தந்தது. அரசுகள் இந்த ஒரு விஷயத்தையாவது புரிந்துவைத்திருக்கின்றன. ஆனால் ஐம்பது வருடத்துக்கு முன் எஸ்டேட் மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த தாளை எவரும் மறுபடியும் அச்சடித்துத் தர முடியாது. புகைப்படங்களும் அப்படியே. ஒட்டிக்கொண்ட படங்களை அவசரப்பட்டுப் பிரித்தால் முகம் உரிந்து வரும். சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் போட்டு, தானாக விலகவிட்டு, முகம் மேலே பார்க்கும்படி ஒவ்வொன்றாகக் காயவைக்க வேண்டும். நேரமில்லையென்றால் ஈரத்தோடு பையில் போட்டு, வெள்ளம் வராத உறவினர் வீட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை ஏறாது, மாதங்கள் கழித்துக்கூட எடுத்துப் பிரிக்கலாம். இது தெரியாமல் தூக்கிப்போட்ட திருமண ஆல்பங்கள் எத்தனையோ.

இரண்டாம் வாரம் முடியும்போது வீடு காலியாகிவிடும். தரை சுத்தம். தெருவை லோரிகள் வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டன. தன்னார்வலர்களின் சட்டைகளும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் குறைகின்றன. மத்திய அரசும் மாநில அரசும் அறிவித்த ஆயிரம் ஆயிரம் ரிங்கிட் உதவிக்குப் பாரம் நிரப்பியாகிவிட்டது. இனி என்ன? பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

2022இல் பொங்கல் ஜனவரி 14. வெள்ளத்துக்கும் பொங்கலுக்கும் இடையில் நான்கு வாரம்கூட இல்லை. போகிக்குள் வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், பொங்கலன்று சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எத்தனையோ குடும்பங்கள் துடித்தன. அந்தத் துடிப்பை நான் மதிக்கிறேன். இழந்தவர்களுக்கு முதலில் வேண்டியது தாங்கள் தோற்றுவிடவில்லை என்று காட்ட ஓர் இடம். வாழ்நாள் சேமிப்பெல்லாம் போன பிறகும் புதிதாகப் பானை வாங்கி, புதிதாக வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்ட கைகளை எவர் குறை சொல்ல முடியும்?

ஆனால் சுவர் நாள்காட்டி பார்க்காது.

பூச்சின் மேற்பரப்பு சில நாட்களில் காய்ந்துவிடும். கையை வைத்துப் பார்த்தால் ஈரம் தெரியாது. உள்ளே இருக்கும் தண்ணீர் நுண்துளைகள் வழியாக வெளியேறி ஆவியாக வேண்டும். மேல் அடுக்கு காயக் காய, மிச்சத் தண்ணீர் உள்ளுக்குள் பின்வாங்குகிறது. அங்கிருந்து அது வரும் பாதை நீண்டுகொண்டே போகிறது. காயும் வேகம் குறைந்துகொண்டே போகிறது. இங்கிலாந்துக் கட்டடக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: ஓர் அங்குலச் சுவர் காய ஒரு மாதம். நம் நாலரை அங்குலச் சுவருக்கு அது நான்கைந்து மாதம். இருபுறமும் காற்றுப் பட்டால் குறையும். ஆனால் நாம் இருப்பது காற்றின் ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைத் தொட்டு நிற்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில். பக்கத்து வீட்டோடு பொதுவாக நிற்கும் தெரஸ் வீட்டுச் சுவருக்கு இருபுறமும் ஒரே நேரத்தில் காற்றுப் பட வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுக்காரரும் காத்திருக்க வேண்டும்.

அந்தச் சுவரின் மேல் பளபளப்பான எண்ணெய்ப் பெயிண்டை அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீருக்கு வழி அடைபடுகிறது. அது நிற்காது, தள்ளும். முதலில் கொப்புளம், பிறகு உரிதல். செங்கல்லிலும் பூச்சிலும் சேற்றிலும் இருந்த உப்புகளைத் தண்ணீர் கரைத்து இழுத்து வந்து மேற்பரப்பில் விட்டுப் போகும்; வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்புப் படிகங்கள் பூச்சையே பிளக்கும். புதிய கேபினெட்டைச் சுவரோடு சுவராகப் பொருத்தியிருந்தால் அதன் முதுகில் கறுப்பாகப் பூஞ்சை படரும். பார்க்க முடியாது, மூச்சில்தான் தெரியும். குழந்தைக்கு இருமல் விடாது. பொங்கலுக்கு அடித்த பெயிண்ட் சித்திரைப் புத்தாண்டுக்குள் உரிந்து தொங்கிய வீடுகளை நான் பார்த்தேன். அந்தக் குடும்பங்களிடம் இரண்டாம் முறை பெயிண்ட் வாங்கக் காசு இல்லை.

ஒரு செய்தியை இங்கே சொல்லத் தோன்றுகிறது. நம் முன்னோர் பொங்கலுக்கு அடித்தது சுண்ணாம்பு. தோட்டத்து லயன் வீடுகளுக்கும் சுண்ணாம்புதான். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், உள்ளே இருக்கும் ஈரத்தை அடைத்து வைக்காது, அதன் காரம் பூஞ்சையை ஏறவிடாது. ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பதும் அதனால்தான் பொருந்திவந்தது. அந்த வழக்கத்தை வைத்துக்கொண்டு அதன் பொருளை நாம் பெயிண்ட் டப்பாவிடம் கொடுத்துவிட்டோம்.

ஈரமான சுவரை அவசரப்படுத்தக் கூடாது என்பதை உலகம் ஒரு பெரிய இழப்பில் கற்றது. 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்துக்குள் ஆர்னோ ஆறு புகுந்தது. தேசிய நூலகத்தின் லட்சக்கணக்கான நூல்கள் சேற்றில் மூழ்கின. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வந்து கைச்சங்கிலி அமைத்து அவற்றை மேலே ஏற்றினார்கள். புகையிலை உலர்த்தும் சூளைகளில் வைத்துக்கூடக் காயவைத்தார்கள். அங்கே தேவாலயச் சுவர்களில் இருந்த ஓவியங்களுக்குத் தண்ணீர் நின்ற நேரத்தைவிட ஆபத்தான காலம், சுவர் காயத் தொடங்கியபோது வந்தது. உள்ளிருந்து உப்பு கிளம்பி வண்ணத்தைத் தள்ளியது. பலகையில் தீட்டிய ஓவியங்களை ஓர் அரச தோட்டத்தின் எலுமிச்சைச் செடி மாளிகைக்குக் கொண்டுபோய், காற்றின் ஈரத்தை முதலில் உயர்த்தி வைத்து, பிறகு மெல்ல மெல்லக் குறைத்தார்கள். சட்டென்று காய்ந்தால் மரம் சுருங்கும், வண்ணம் உதிரும். வசாரி வரைந்த ‘இறுதி இராவுணவு’ என்ற பெரிய பலகை ஓவியம் சான்டா குரோச்சே தேவாலயத்துக்குத் திரும்பியது 2016இல். வெள்ளம் வந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த ஐம்பது ஆண்டுகளில் பெரும்பகுதி, அதைக் காப்பாற்றும் வழி கண்டுபிடிக்கப்படும் வரை பத்திரமாகப் பாதுகாத்துக் காத்திருந்ததுதான். அந்தக் காத்திருப்பும் வேலைதான்.

ஓர் ஓவியத்துக்கு நகரம் ஒன்று ஐம்பது ஆண்டு காத்திருந்தது. ஒரு குடும்பத்துக்கு நாம் எத்தனை வாரம் காத்திருக்கிறோம்?

மார்ச் மாதம் நான் அந்த அக்கா வீட்டுக்கு மறுபடியும் போனேன். 7ஆம் தேதி கோலாலம்பூரில் திடீர் வெள்ளம் வந்த வாரம் அது. அவர் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு சுத்தமாக இருந்தது. சாமி மேடையில் புதுப் படம். “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டு உட்காரவைத்தார். எல்லாம் சரியாகிவிட்டதா என்றேன். சரியாகிவிட்டது என்றார். சற்று நேரம் கழித்துத்தான் மாடிக்கு அழைத்துப்போனார். அரிசி, அடுப்பு, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், தாள்கள், துணி அத்தனையும் மாடி அறையில் அடுக்கியிருந்தன. கீழே அவர்கள் எதையும் வைக்கவில்லை. மழை கொட்டும் இரவுகளில் கணவர் தூங்குவதில்லை, வாசலில் நாற்காலி போட்டு லொங்காங்கையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். மாமியார் தன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று அடம்பிடித்தவர், இப்போது அந்த வீட்டின் பேரையே எடுப்பதில்லை. “வர்றவங்க எல்லாம் செவுத்தப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க தம்பி. நானும் ஆமான்னு சொல்லிடறேன். ஒருத்தரும் உக்காந்து கேக்கல.”

அவர் அதை மனத்தாங்கலாகச் சொல்லவில்லை. உள்ளது உள்ளபடி சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாம் பேரிடரைத் தண்ணீரின் உயரத்தால் அளக்கிறோம். தண்ணீர் ஏறும்போது நம் பரிவும் ஏறுகிறது, வடியும்போது அதுவும் வடிகிறது. ஆனால் இழப்பு அந்த அளவுகோலில் இல்லை. தண்ணீர் இருந்த நாட்களில் அந்தக் குடும்பம் உயிரைப் பற்றி மட்டுமே நினைத்தது. சேறு இருந்த நாட்களில் கைக்கு வேலை இருந்தது, சுற்றி ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் போன பிறகு, எல்லாம் சுத்தமான பிறகு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலை வந்த பிறகுதான் உள்ளே போன தண்ணீர் வெளியே வரத் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட உடம்புதான் நடக்கும்போது தள்ளாடும். துணை மிகவும் தேவைப்படும் காலம், துணைக்கு வந்தவர்கள் வீடு திரும்பிய காலம்.

அதோடு, காய்வதற்குத் திறப்பு வேண்டும். கதவு, சன்னல், அலமாரி எல்லாவற்றையும் திறந்துபோட வேண்டும். சுவரை மூடாமல், அழகில்லாமல், ஊர் பார்க்கும்படி விட வேண்டும். அது சங்கடம். நம் குடும்பங்கள் சங்கடத்தைத் தாங்குவதில்லை. வந்தவர்கள் முன் கரையும் கறையுமான சுவரைக் காட்டுவதைவிட, கடன் வாங்கியாவது பெயிண்ட் அடித்துவிடுவோம். மனத்தையும் அப்படித்தான் அடைக்கிறோம். “போனது போகட்டும், உயிர் இருக்கே, அது போதும்” என்று ஆறுதல் சொல்லும்போது நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் அது ஈரச் சுவர் மேல் அடிக்கும் பெயிண்ட். கேட்பவருக்கு அதற்கு மேல் பேச வழியில்லாமல் போகிறது. காயாத சுவரைக் காயவில்லை என்று ஒப்புக்கொண்டு அப்படியே விட்டுவைப்பதுதான் அந்தச் சுவருக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உதவி. மனிதருக்கும் அதுவே. ஆற்றுவது நம் கையில் இல்லை. ஆறும் வரை அடைக்காமல் இருப்பதும், அவ்வளவு காலமும் பக்கத்தில் இருப்பதும்தான் நம் கையில் இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு, எல்லாம் மனத்தின் விஷயம் என்று முடித்துவிட்டால் அது அநீதி. ஏன் இந்த வீடுகள்? தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போனது. ரப்பரும் செம்பனையும் இருந்த நிலங்கள் நகரங்களாயின. ஷா ஆலமே அப்படி எழுந்த நகரம்தான். சுங்கை ரெங்கம் தோட்டம் இருந்த மண், 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் பத்து இருபது ஆண்டுகள் கம்பத்திலும் அடுக்குமாடியிலும் வாடகைக்கு இருந்து, லோரி ஓட்டி, தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்து, முதன்முதலாகச் சொந்தமாக ஒரு சுவரை வாங்கினார்கள். விலை எங்கே குறைவோ அங்கே வாங்கினார்கள். விலை ஏன் குறைவு என்பதைத் தண்ணீர் வந்து சொல்லும் வரை எவரும் அவர்களிடம் சொல்லவில்லை. தாழ்ந்த நிலத்தில் வீடு கட்ட அனுமதித்தவர்களுக்கும், கால்வாயைத் தூர்வாராமல் விட்டவர்களுக்கும், ஆற்றுக்கு இடம் விடாமல் கரை நெடுகக் கட்டிக்கொண்டே போனவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. 1971 ஜனவரியில் கோலாலம்பூர் மூழ்கி 32 பேர் இறந்தபோது அரசு விழித்துக்கொண்டு அணைகளையும் ஆற்றுத் திட்டங்களையும் கொண்டுவந்தது. ஆற்றின் மேற்பகுதிக்குக் கிடைத்த அந்த அக்கறை கீழ்ப்பகுதிக்கும் கிடைக்க வேண்டும்.

புள்ளிவிவரத் துறை 2022 ஜனவரி இறுதியில் கணக்குச் சொன்னது: நாட்டுக்கு இழப்பு 610 கோடி ரிங்கிட், அதில் குடியிருப்பு வீடுகளுக்கு 160 கோடி, சிலாங்கூருக்கு மட்டும் 310 கோடி. கணக்கு வெளிவந்த அன்று ஸ்ரீ மூடாவின் சுவர்களில் பாதிக்கு மேல் ஈரம் இருந்திருக்கும்.

வரும் டிசம்பரிலும் மழை வரும். எங்கேயோ தண்ணீர் ஏறும். முதல் வாரத்தில் அரிசியும் பாயும் கொண்டுபோகிறவர்கள் போகட்டும், அவர்கள் கைக்கு வணக்கம். உங்களால் முடிந்தால் நீங்கள் மூன்றாம் மாதம் போங்கள். ஒரு பெரிய காற்றாடியைக் கொண்டுபோங்கள். பெயிண்ட் வாங்கும் காசில் முதலில் அதை வாங்கலாம். ஒரு முழப் பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்; உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்தால் சுவர் இன்னும் காயவில்லை, பெயிண்டை ஒத்திப்போடச் சொல்லுங்கள். கேபினெட்டைச் சுவரிலிருந்து ஒரு கையளவு தள்ளிவைக்க உதவுங்கள். தாள்களை மாடிக்கு ஏற்றிக்கொடுங்கள். பிறகு உட்காருங்கள். எவ்வளவு ஏறியது என்று கேட்காதீர்கள், அதை எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இப்போது எப்படித் தூங்குகிறீர்கள் என்று கேளுங்கள், பதில் வரும் வரை இருங்கள்.